ஏழாவது மிஷனில் விழுந்தவர்கள்

பிறந்த அன்று அவள் அழவில்லை, எங்கேயோ புறப்பட்டாள் என்றுதான் அவளுடைய அம்மா சொல்வார். தொட்டிலில் போட்டால் தொட்டில் நகர்ந்து கதவருகே போய் நிற்குமாம். பள்ளியில் எடுத்த வகுப்புப் புகைப்படங்கள் எட்டும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. எட்டிலும் அவள் நிற்கவேண்டிய இடத்தில் கரைந்த கோடு போல ஏதோ ஒன்று தெரியும். அதைத் தொட்டுக் காட்டி "இதுதான் என் பொண்ணு" என்று அம்மா பெருமையாகச் சொல்வார். நம்புவதும் நம்பாததும் பார்ப்பவர் பாடு.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மேலும் கீழும் போகிற பொருளோடு காலம் தள்ளுகிறவருக்கு, குறுக்கும் நெடுக்கும் போகிற மனைவி பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. வீட்டில் அவளுக்கு ராட்டினம் என்று பெயர். அலுவலகத்தில் எதிரிக்கா.

அந்த இரண்டாவது பெயருக்குக் காரணம் உண்டு. கணினியில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றைச் செய்கிற அலுவலகம் அது. கழுகு பார்ப்பதுபோல மேலிருந்து நிலத்தைப் பார்க்கவேண்டும். வேலையாட்களை அனுப்பிக் கனிமம் தோண்டவேண்டும், பாசறை கட்டவேண்டும், வீரர்களைத் திரட்டவேண்டும். இத்தனையும் கடிகாரம் ஓட ஓட. நீங்கள் யோசித்து முடிக்கட்டும் என்று எதிரி கைகட்டிக் காத்திருக்க மாட்டான். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு மிஷன்கள், நடுவே ஒரு கதை. எந்த நிமிடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை எதிரிகள் வரவேண்டும், ஆடுகிறவருக்கு எங்கே மூச்சு முட்டவேண்டும், எங்கே மூச்சு விட இடம் கொடுக்கவேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள். ஆகவே எதிரி, மரியாதைக்கு ஓர் அக்கா. முன்பு ஒரு டியூஷன் நிலையத்தில் கணக்குக் கேள்வித்தாள் தயாரித்தவள். முதல் கேள்வியில் தட்டிக்கொடுத்து, ஐந்தாவதில் காலை வாரி, கடைசியில் கைதூக்கிவிடும் கலை அங்கேயே கைவந்துவிட்டது.

பன்னிரண்டில் பதினொன்று, வேறு யாரோ தொடங்கி அவள் செப்பனிட்டவை. ஏழாவது மட்டும் முதல் கல்லிலிருந்து அவளுடையது. ஆற்றின்மேல் ஒரு பாலம், பாலத்தைச் சுற்றி மதில் கட்டிய சிற்றூர், மதிலுக்கு வடக்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல், ஓரத்தில் ஒரு படித்துறை. கப்பல்கள் வந்து மக்களை ஏற்றிச்செல்ல இருபது நிமிடம் ஆகும். அதுவரை ஊரைக் காக்கவேண்டும். அவ்வளவுதான். இரண்டு வருடம் அதற்கு உழைத்திருந்தாள். ஊரில் உள்ள நாய்கூட எந்தத் தெருவில் படுக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை மேலாளர் அவளை அழைத்தார். பக்கத்தில் புள்ளிவிவரக்காரி, மடியில் மடிக்கணினியோடு, கண்ணைச் சந்திக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"உட்காருங்க" என்றார் மேலாளர்.

"பரவாயில்ல சார், நிக்கிறேன்" என்று சொல்லி அவள் ஜன்னல்வரை நடந்தாள்.

"இந்தத் தடவையும் புதுசா வெளியாளுங்க நூறு பேருக்கு ஆடக் கொடுத்தோம். ஆறாவது மிஷன் வரைக்கும் தொண்ணூத்தி நாலு பேர் இருக்காங்க. ஏழாவதுல அறுபத்தொரு பேர் விட்டுட்டுப் போயிட்டாங்க. தோத்துட்டு மறுபடி ஆடல. போனவங்க போனவங்கதான்."

"நாலு தடவை எதிரியோட பலத்தைக் குறைச்சிட்டேனே சார்."

"குறைச்சும் போறாங்க எதிரிக்கா" என்றாள் புள்ளிவிவரக்காரி, திரையிடம். "முதல்ல அறுபத்திமூணு. இப்ப அறுபத்தொண்ணு."

"அதாவது நாலு தடவை குறைச்சதுக்கு ரெண்டு பேர் மனசு மாறியிருக்காங்க" என்றார் மேலாளர். "இதே வேகத்துல போனா எதிரியே இல்லாம ஆடினாலும் தோப்பாங்க. வெள்ளிக்கிழமை முடிவெடுக்கணும். சரியாகலைன்னா ஏழாவதைத் தூக்கிடுவோம். எட்டை ஏழுன்னு மாத்திப் போட்டா யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியுமே என்று அவள் சொல்லவில்லை. கதவுவரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி கதவுவரை நடந்தாள், பிறகு நடந்த வேகத்திலேயே வெளியே போய்விட்டாள்.

சிக்கல் என்னவென்றால், மிஷன் கடினமா எளிதா என்று அவளுக்கே தெரியாது. நாலாயிரம் தடவை ஆடியிருக்கிறாள். ஒரு கையால் காது குடைந்துகொண்டு மறு கையால் ஜெயிப்பாள். அலுவலகத்தில் எல்லோர் கதியும் அதுதான். அதனால்தான் அங்கே புதுக்கண் என்று ஒரு சரக்குக்குக் கடும் கிராக்கி. இதுவரை அந்த மிஷனைப் பார்த்தே இராத ஆளுக்குப் புதுக்கண் என்று பெயர். ஒருவரை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். ஒரு தடவை ஆடிவிட்டால் அவர் பழங்கண், சூதுவாது தெரிந்தவர். அதிலும் ஏழாவதை ஆடவேண்டுமானால் முதல் ஆறையும் ஆடிப் பழகியிருக்கவேண்டும். ஒரு புதுக்கண்ணைத் தேற்ற மூன்று நாள் ஆகும், செலவழிக்க இருபது நிமிடம் போதும்.

எதிரிக்கா தன் உறவுக்கூட்டம் முழுவதையும் செலவழித்துவிட்டாள். கணவர் முதல் பலி. பிறகு அண்ணன், அண்ணி, நாத்தனார், நாத்தனாரின் ஓரகத்தி. பல் பிடுங்கப் போன இடத்தில் பல் மருத்துவரை உட்காரவைத்து ஆடவிட்டாளாம். வாய் திறந்தபடி நாற்காலியில் கிடந்த அடுத்த நோயாளியும் எட்டிப்பார்த்து வீணாகிப்போனாராம். மீட்டர் பார்க்க வந்தவர் மூன்று நாள் அந்தத் தெருவை விட்டுப் போகாததால் ஒரு பேட்டைக்கே அந்த மாதம் மின்கட்டணச் சீட்டு வரவில்லை என்றும் பேச்சு. இதில் பாதியாவது உண்மையாக இருக்கவேண்டும். ஏனென்றால் அவள் வருவதைப் பார்த்தால் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆட்கள் லிஃப்டை விட்டுப் படிக்கட்டில் இறங்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஆடித் தோற்றவர்கள் எழுந்து போகும்போது ஏதாவது முணுமுணுப்பார்கள். "ஏமாத்து வேலை" என்பார்கள். "இதெல்லாம் ஒரு விளையாட்டா" என்பார்கள். தோற்றவர் வாயில் வேறென்ன வரும் என்று அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கையில் ஒரு படிவம் கொடுப்பாள், அவளே தயாரித்தது. தோல்விக்குக் காரணம்: எதிரி பலம் அதிகம், நேரம் போதவில்லை, கைப்பழக்கம் போதவில்லை. மூன்றில் ஒன்றில் குறியிடவேண்டும். எல்லோரும் முதலாவதில்தான் குறியிட்டார்கள். அவளும் எதிரியைப் பட்டினி போட்டு இளைக்கவைத்தாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு புதுக்கண். கணவரின் அத்தை.

அத்தை தொலைபேசி நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் இணைப்புக் கொடுத்தவர். இரண்டு மாதம் முன்பு கண்புரை அறுவை செய்துகொண்டு, இரண்டு கண்ணும் பளிச்சென்று ஆனபிறகு, பார்க்க என்ன இருக்கிறது என்று பார்க்கவே இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். "நீ என்னதான் வேலை பாக்கிறே, காட்டுடி" என்று அவரே கேட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் மிஷனில் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஆறையும் முடித்துவிட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்யும் கை அது. வேலையாளைத் தோண்டச் சொன்னால் தோண்டுவான், காவல் நிற்கச் சொன்னால் நிற்பான். அத்தையின் பாசறையில் ஒழுங்கு தூள் பறந்தது.

புதன்கிழமை பிற்பகல். கணவர் இரவுப் பணி முடிந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் அத்தைக்குக் காதில் ஹெட்ஃபோன். அலுவலகத்திலும் அதே வழக்கம்தான். புதுக்கண்கள் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஆடுவார்கள், அவள் பின்னால் நின்று திரையையும் கையையும் பார்ப்பாள். அவள் தன் மேசையில் ஆடும்போது ஒலியையே அணைத்துவிடுவாள். விளையாட்டின் நடுவே உத்தரவு போடும் தளபதியின் கட்டைக்குரலை நாலாயிரம் தடவை கேட்டால் கல்லுக்கும் கடுப்பு வரும்.

அத்தை அழகாக ஆடினார். மதிலைப் பலப்படுத்தினார், வில்லாளிகளை ஏற்றினார். பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லை. பதினோராவது நிமிடம் நெருங்கியதும் எதிரிக்காவின் கால் நிற்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள். சோபாவுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்தாள்.

"ஏடி ராட்டினம், சும்மா குறுக்க நெடுக்க போகாதே. எனக்குத் தலை சுத்துது."

"நீங்க திரையைப் பாருங்க அத்தை."

"திரையைத்தான் பாக்கிறேன். நீ அதுக்குள்ளயும் தெரியறே, கண்ணாடி மாதிரி."

பதினொன்று. அத்தை மளமளவென்று தெற்கு வாசலில் இருந்த வில்லாளிகள் அத்தனை பேரையும் இழுத்து வடக்கே அனுப்பினார். இதேதான்! எல்லோரும் இதே நேரத்தில் இதே காரியத்தைத்தான் செய்கிறார்கள். தெற்கிலிருந்து பெரும்படை வருகிறது, இவர்கள் வடக்கே ஓடுகிறார்கள். பதற்றத்தில் கை குழம்புகிறது என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அத்தைக்கா பதற்றம்? ஒரே நேரத்தில் நாற்பது இணைப்பு கொடுத்த கை!

அருகே போய்ப் பார்க்க அவள் வேகமாகத் திரும்பினாள். கால் ஹெட்ஃபோன் ஒயரில் மாட்டியது. ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்தது, ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது, தளபதி வீடு அதிர முழங்கிக்கொண்டிருந்தார்:

"வடக்கு வாசல்! எல்லோரும் வடக்கு வாசலுக்கு! தாமதிக்காதீர்கள்!"

உள்ளறையிலிருந்து கணவர் போர்வையோடு ஓடிவந்தார். "என்னாச்சு? எந்த வாசல்?"

திரையில் தெற்கு வாசல் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

"அத்தை" என்றாள் எதிரிக்கா. "நீங்க ஏன் எல்லாரையும் வடக்க அனுப்பினீங்க?"

"என்னடி கேள்வி இது? அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்தறாரு, அனுப்பாம என்ன செய்ய? நான் அவர் சொன்னபடிதான் செஞ்சேன். அவரு பொய் சொல்லிட்டாரு. ஏண்டி, இந்த ஆளு எதிரியோட ஆளா? கதை அப்படியா?"

கதை அப்படி இல்லை. கதை வேறு. ஒரு வருடம் முன்பு, தளபதியின் குரல் பதிவானபோது, எதிரி வடக்கிலிருந்துதான் வந்தான். பிறகு ஓவியர் ஒருநாள் வந்து, சாயங்கால வெளிச்சம் பாலத்தின்மேல் நன்றாக விழவில்லை என்று சொல்லி, நிலப்படத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்தார். பாலம் பொன்னாக மின்னியது, எல்லோரும் கைதட்டினார்கள். நிலத்தோடு சேர்ந்து எதிரியும் திரும்பித் தெற்கே போய்விட்டான். தளபதியிடம் யாரும் சொல்லவில்லை. பேச்சைத் திரையின் அடியில் காட்டும் எழுத்து வரிகளைக் கடைசி மாதத்தில்தான் சேர்ப்பார்கள், ஆகவே படிக்கவும் வழியில்லை. ஒலிக்காரர் அந்தந்த நிமிடத்தில் அந்தந்தக் குரல் வருகிறதா என்று மட்டும் கேட்பார், படம் பார்ப்பதில்லை. மற்றவர்கள் படம் மட்டும் பார்ப்பார்கள், குரல் கேட்பதில்லை. நூற்றுக்கணக்கான பேர் தளபதியை நம்பி வடக்கே ஓடி முதுகில் குத்துப்பட்டு, எழுந்து போகும்போது ஏமாற்று வேலை என்று முணுமுணுத்து, குறியிட வேறு கட்டம் இல்லாததால் எதிரி பலம் அதிகம் என்று குறியிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்குள்ளேயே பதினேழு சுற்றுச் சுற்றினாள். கணவர் எண்ணினார்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஒலிக்காரரின் அறைக்குள் புகுந்தாள்.

"தளபதி குரல் கொடுத்தவரைக் கூப்பிடுங்க. ஒரே வார்த்தை. தெற்குன்னு சொல்லணும்."

"அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு. பத்து நாளைக்கு வாயே திறக்கக் கூடாதாம்."

"நாளைக்கு வேணுமே!"

"நடக்காதீங்க, மைக் எல்லாம் ஆடுது. இருங்க, தேடிப் பாக்கிறேன்." மற்ற மிஷன்களில் எல்லாம் தேடி, மூன்றாவதில் ஒரு தெற்கைப் பிடித்தார். மகன் இறந்த செய்தி கேட்டுத் தளபதி கண்கலங்கிப் பேசும் இடம். வேறு தெற்கே இல்லை. அதை வெட்டி எடுத்து ஒட்டினார். ஓட்டிக் காட்டினார். தளபதி ஒரு பெருமூச்சோடு "தெற்கு" என்று தேம்பிவிட்டு, உடனே "வாசல்! எல்லோரும்" என்று கர்ஜித்து, மறுபடி "தெற்கு" என்று மனமுடைந்து, "வாசலுக்கு!" என்று இடித்தார்.

"பாவம், என்ன கஷ்டமோ" என்றார் ஒலிக்காரர்.

"இருக்கட்டும். திசை சரியா இருக்கு."

அடுத்த தலைவலி அப்போதுதான் ஆரம்பம். சரியான திசையைச் சொன்னதும் மிஷன் பொசுக்கென்று போய்விட்டது. நாலு தடவை இளைக்கவைத்த எதிரிப்படை தெற்கு வாசலுக்கு வந்து, வில்லாளிகளைப் பார்த்து, வந்த சுவடு தெரியாமல் செத்தது. படித்துறைக்கு வரவேண்டிய எதிரிப் படகுகள் நாலாவது குறைப்பிலேயே போயிருந்தன. மிச்ச ஒன்பது நிமிடமும் கப்பலுக்குக் காத்திருக்கவேண்டியதுதான். எதிரிக்கா நடுவே எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாள். ஊர் பத்திரமாக இருந்தது. இப்படி ஒரு மிஷனை மேலாளர் தூக்கவே வேண்டாம், அது தானாகவே காற்றில் பறந்துவிடும்.

"பாதி பலத்தைத் திருப்பிக் கொடுங்க எதிரிக்கா" என்றாள் புள்ளிவிவரக்காரி. "ரெண்டு தடவை குறைச்சதை மட்டும் எடுத்துடுங்க. நடுவுல நிக்கலாம். அதான் பாதுகாப்பு."

"ஏன் பாதி?"

"தெரியாதப்போ பாதிதான்."

"யாரையாவது உட்காரவெச்சுப் பாத்தா தெரியும்."

"யாரு இருக்கா? நீங்கதான் ஊரையே பழங்கண் ஆக்கிட்டீங்களே!"

அன்று முழுவதும் அவள் அலுவலக நடைபாதையைத் தேய்த்தாள். தரைவிரிப்பில் ஒரு வாய்க்காலே விழுந்துவிட்டது என்பார்கள். நாலாயிரம் தடவை ஆடிய கைக்கு எந்த எதிரியும் சுண்டைக்காய். அந்தக் கையைக் கேட்டுப் பயனில்லை. பாதி என்பது பாதுகாப்பாகத்தான் தோன்றியது. ஆனால் பாதி எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு முறை குறைத்ததும் எதிரி செய்யாத குற்றத்துக்கு எதிரிக்குக் கொடுத்த தண்டனை. முதல் வருடம், ஒவ்வொரு வீரனையும் எண்ணி எண்ணி வைத்தபோது, இந்த இடத்தில் ஆடுகிறவர் நாற்காலி நுனிக்கு வரவேண்டும், இந்த இடத்தில் தோற்றாலும் தோற்கலாம், தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரியவேண்டும் என்று அவள் நினைத்து நினைத்துத்தான் வைத்தாள். அந்தக் கணக்கை இதுவரை ஒருவரும் ஆடியே பார்க்கவில்லை. எல்லோரும் ஆடியது பொய் சொல்லும் தளபதியை நம்பி.

மாலை ஐந்து மணிக்கு நாலு குறைப்புகளையும் ஒட்டுமொத்தமாக நீக்கினாள். எதிரி தன் முழு உயரத்துக்கு நிமிர்ந்தான். புள்ளிவிவரக்காரி அதைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. மேலாளர் அறையில் மேசைமேல் ஒரே ஒரு தாள், பன்னிரண்டு மிஷன்களின் பட்டியல். ஏழுக்கு நேரே பென்சிலால் "நீக்கு" என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தது.

எதிரிக்கா நடந்ததைச் சொன்னாள். வடக்கு, தெற்கு, ஒயர், அத்தை எல்லாவற்றையும் ஒரே மூச்சில். மேலாளர் சிரிக்கவில்லை.

"யார்கிட்ட ஆடிப் பாத்தீங்க, சரி பண்ணின பிறகு?"

"யாரும் இல்ல சார். புதுக்கண் தீர்ந்துபோச்சு."

"ஒண்ணு இருக்கு" என்றார். "நான் ஆறாவதுக்கு மேல ஆடினதில்ல. யாராவது ஒருத்தர் மிச்சம் இருக்கணுமேன்னு கண்ணை மூடிட்டே இருந்தேன். கூட்டத்துல நீங்க ஏழாவதைக் காட்டும்போதெல்லாம் நான் காபி எடுக்கப் போயிடுவேன், கவனிச்சிருக்கீங்களா?"

அவள் கவனித்ததில்லை. மனிதருக்குக் காபிப் பித்து என்றுதான் அலுவலகமே நினைத்திருந்தது.

அவர் ஹெட்ஃபோனை ஒதுக்கிவிட்டு ஒலிபெருக்கியைத் திறந்தார். "நடக்கக் கூடாது. அந்த நாற்காலியில உட்காருங்க." அவள் உட்கார்ந்தாள். கால் இரண்டும் மேசைக்கடியில் தனியாக ஓடிக்கொண்டிருந்தன. புள்ளிவிவரக்காரி கதவருகே நின்றாள்.

பத்து நிமிடம் அவர் பொறுமையாகக் கட்டினார். பதினொன்றில் தளபதி தேம்பினார், கர்ஜித்தார், தேம்பினார். மேலாளரின் புருவம் ஏறியது; ஆனால் கை தெற்கே போனது. பெரும்படை வந்தது. மதில் நடுங்கியது, ஒரு கோபுரம் விழுந்தது, அவர் வேலையாட்களுக்குக்கூடக் கத்தி கொடுத்து வாசலுக்கு அனுப்பினார். நாற்காலியில் முன்னால் நகர்ந்தார், இன்னும் முன்னால் நகர்ந்தார். பதினாலாவது நிமிடம் தெற்கு வாசல் நின்றது. "ஹா!" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. பதினேழாவது நிமிடம் படித்துறையில் நாலே நாலு எதிரிப் படகுகள் வந்தன. அங்கே காவலுக்கு ஒரு ஈ காக்கைகூட இல்லை. பதினெட்டில் ஊர் போய்விட்டது.

தோல்வி என்று திரை கறுத்தது. இரண்டு பொத்தான்கள்: மறுபடி, வெளியேறு.

எதிரிக்கா எழுந்துவிட்டாள். உட்கார்ந்தே இருக்கவேண்டும் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. இந்த இடத்தில்தான் அறுபத்தொரு பேர் போனார்கள். மேலாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிவிவரக்காரி நகத்தைக் கடித்தாள்.

"படித்துறையை மறந்துட்டேன்" என்றார் கடைசியில், யாரிடமோ. "ஆரம்பத்துலயே காட்டினாங்க. நான்தான் மறந்தேன். மடையன்."

மறுபடியை அழுத்தினார்.

"சார்" என்றாள் புள்ளிவிவரக்காரி, "பத்தரைக்குக் கூட்டம். எல்லாரும் வந்துட்டாங்க."

"வரச் சொல்லுங்க. உள்ள வந்து நிக்கட்டும், பேசாம நிக்கட்டும்."

ஓவியர் வந்தார், ஒலிக்காரர் வந்தார், இன்னும் நாலைந்து பேர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். இரண்டாம் தடவை பத்தொன்பதாவது நிமிடத்தில் தோற்றார். கப்பலின் பாய் தெரிந்துவிட்டது, ஒரு நிமிடம்தான் பாக்கி. மேசையை ஓங்கித் தட்டினார். பக்கத்தில் கிடந்த, "நீக்கு" என்று எழுதிய பட்டியல் தாளை இழுத்துத் திருப்பிப் போட்டு, பென்சிலால் பாலத்தை வரைந்தார், இரண்டு வாசல், படித்துறை. படித்துறையில் ஆறு புள்ளி வைத்தார், அழித்து நாலாக்கினார்.

"எதிரிக்கா, தெற்குல இருந்து ரெண்டு பேரை இங்க எடுத்தா தாங்குமா?"

"சொல்ல மாட்டேன் சார்."

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க. வெளிய போங்க. நீங்க பின்னால நடந்தா எனக்குக் கை ஓடல."

அவள் வெளியே வந்தாள். பதினோரு நிமிடம் கழித்து, உள்ளே மூன்றாம் முறையாகத் தளபதி தெற்கை நினைத்துத் தேம்புவது கதவைத் தாண்டிக் கேட்டது.